புதிய பறவை (திரைப்படம்): சித்ரா சொல்லாத கதை

புதிய பறவை 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 12 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். சிவாஜி கணேசனின் சொந்த நிறுவனத் தயாரிப்பு. இயக்கம் தாதா மிராசி, உரையாடல் ஆரூர்தாஸ், பாடல்கள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. சிவாஜி கணேசன், சரோஜாதேவி, சௌகார் ஜானகி, எம்.ஆர். ராதா, வி.கே. ராமசாமி, நாகேஷ், மனோரமா ஆகியோர் நடித்தனர். ஊட்டி மாளிகை ஒன்றைக் களமாகக் கொண்ட இப்படம், தமிழின் சிறந்த மர்மப் படங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. இக்கட்டுரை படத்தின் முடிவையும் விவாதிக்கிறது. பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

கதைச் சுருக்கம்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் செல்வந்தன் கோபால், உடன் பயணம் செய்யும் லதாவையும் அவள் தந்தை ராமதுரையையும் தன் ஊட்டி மாளிகையில் வந்து தங்க அழைக்கிறான். ரயிலைக் கண்டால் அவன் நடுங்குகிறான். காரணம் கேட்கும் லதாவிடம் தன் முதல் மனைவி சித்ராவைப் பற்றிச் சொல்கிறான். சித்ரா கிளப்பில் பாடும் பாடகி. தாயை இழந்த துயரத்தில் இருந்த கோபால் அவளை விரும்பி மணந்தான். அவளோ குடும்பத்துக்கு அடங்காமல் குடித்துவிட்டு வந்தாள். அந்த அவமானம் தாங்காமல் அவன் தந்தை மாரடைப்பால் இறந்தார். பின் ஒரு நாள் அவள் ரயில் முன் பாய்ந்து தற்கொலை செய்துகொண்டாள். இதுவே கோபால் சொல்லும் கதை.

லதாவுக்கும் கோபாலுக்கும் திருமணம் நிச்சயமாகும் வேளையில், "நான்தான் சித்ரா" என்று ஒருத்தி ரங்கன் என்பவருடன் வந்து நிற்கிறாள். அவள் சித்ரா அல்ல என்று கோபால் கதறுகிறான். யாரும் நம்பவில்லை. முடிவில் உண்மை அவன் வாயாலேயே வருகிறது. அன்று அவன் அறைந்ததில் சித்ரா விழுந்து இறந்தாள். குடும்ப கௌரவத்துக்காக உடலைத் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலைபோல் காட்டினான். லதா, ராமதுரை, ரங்கன் எல்லாரும் காவல் துறையினர். வந்தவள் வேடமிட்டவள். ஆனால் லதாவின் காதல் மட்டும் மெய்யாகிவிட்டது. அவனுக்காகக் காத்திருப்பதாக அவள் சொல்கிறாள்.

மூலமும் மாற்றமும்

இப்படம் 1963-இல் வந்த 'சேஷ அங்க' என்ற வங்கப் படத்தைத் தழுவியது. அதற்குத் தூண்டுதல் 1958-இல் வெளியான 'சேஸ் எ க்ரூக்கட் ஷாடோ' என்ற ஆங்கிலப் படம். ஆங்கிலப் படத்தில் குற்றவாளி ஒரு பெண். இறந்துபோன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அவள் வீட்டுக்கு வருகிறான். அவன் அண்ணன் அல்ல என்று நிரூபிக்கப் போய், அண்ணனின் சாவுக்குத் தானே காரணம் என்பதை அவள் ஒப்புக்கொள்கிறாள்.

இந்தப் பொறி மிக எளிமையானது. "இவள் சித்ரா இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலை அறிந்தவன் கொன்றவன் ஒருவனே. ஆதாரம் இல்லாத வழக்கில், குற்றவாளியையே சாட்சியாக்கும் வழி இது.

தங்கை-அண்ணன் என்ற உறவு கணவன்-மனைவி என்று மாறியபோது கதையின் எடையும் மாறிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு இடையிலான சொத்து மர்மமாக இருந்தது, இங்கே ஒரு குடும்பத்துக்குள் நடந்த அடி என்றாகிறது.

ஒரே சாட்சி

படத்தைப் பற்றிய கட்டுரைகள் பலவும் சித்ராவை 'அடங்காத மனைவி' என்றே எழுதுகின்றன. இது எப்படி நமக்குத் தெரியும்? கோபால் சொல்லித்தான். சித்ராவின் குடி, திமிர், மாமனாரின் சாவுக்கு அவள் வருந்தாதது என்று எல்லாமே அவன் நினைவில் விரியும் காட்சிகள். அந்த நினைவின் கடைசிப் பகுதி, அதாவது தற்கொலை, பச்சைப் பொய் என்று படமே பிறகு சொல்கிறது. அப்படியானால் முன்பகுதியை மட்டும் நாம் ஏன் முழுதாக நம்புகிறோம்?

நினைவுக் காட்சி பொய் சொல்லலாமா என்பது திரை விமர்சனத்தில் பழைய விவாதம். ஹிட்ச்காக் 1950-இல் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்தில் அப்படிச் செய்து கண்டனத்துக்கு ஆளானார். தமிழில் சிவாஜியே நடித்த 'அந்த நாள்' (1954) ஒரு கொலையைப் பலர் வாயால் பலவிதமாகச் சொல்லி, பார்ப்பவரைச் சந்தேகப்படப் பழக்கியது. புதிய பறவையில் இருப்பது ஒரே வாய். சித்ராவாக இரண்டாம் முறை வருபவளும் காவல் துறை எழுதிக் கொடுத்த வசனத்தையே பேசுகிறாள். உண்மையான சித்ரா தன் பக்கத்தைச் சொல்ல ஒரு காட்சிகூட இல்லை.

ஏறுவதற்கும் இறங்காமல் இருப்பதற்கும்

மேல்தட்டுக்கு ஏறத் துடிக்கும் ஒருவன், இடைஞ்சலாகிவிட்ட ரகசியக் காதலியைக் கொல்வது உலக இலக்கியத்தில் பழகிய கதை. அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு தியோடர் டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜெடி' (1925). அதன் பின்னால் உண்மை வழக்கு ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தில் தன் மாமாவின் பாவாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த செஸ்டர் ஜில்லெட், அங்கேயே வேலை செய்த கிரேஸ் பிரவுனுடன் ரகசியமாகப் பழகினான். அவள் கர்ப்பமானாள். 1906-இல் பிக் மூஸ் ஏரியில் அவளைப் படகில் அழைத்துச் சென்று கொன்றான் என்று தீர்ப்பாகி, 1908-இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. கிரேஸ் அவனுக்கு எழுதிய கடிதங்கள் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டன. இறந்தவள் பேசினாள்.

கோபால் ஏற வேண்டியவன் அல்ல; ஏற்கெனவே உச்சியில் இருப்பவன். அவன் மறைப்பது இறங்காமல் இருப்பதற்காக. 'குடும்ப கௌரவம்' என்ற சொல் அவனுக்கு ஏணியின் மேல்படி. கிளப்பிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த சித்ராதான் அந்த ஏணியில் பொருந்தாதவள். அவள் எழுதிய கடிதம் எதையும் படம் நமக்குக் காட்டுவதில்லை.

மாளிகையும் லயன் வீடும்

இப்படம் காட்டும் ஊட்டி பங்களாவின் ஊட்டி. நீலகிரியில் வாழ்பவர்களுக்கு இன்னொரு மலையும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் பங்களா மேட்டில் இருக்கும். சரிவில் லயன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். லயன் வீட்டில் புருஷன் கை ஓங்கினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பாத்திரம் உருண்டாலும் கேட்கும். மறுநாள் கொழுந்து பறிக்கும்போது பத்துப் பெண்கள் அதைப் பேசுவார்கள். அங்கே நியாயம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் சாட்சி இருக்கும். பெரிய வீட்டின் தடித்த சுவருக்குள் நடப்பதை வீட்டுக்காரர் சொன்னால்தான் உண்டு. கௌரவம் என்பது பாதி அளவுக்குச் சுவரின் கனம்தான்.

நடிப்பு

சிவாஜியின் நடிப்பே படத்தின் பலமும் சிக்கலும். ரயில் ஓசையில் உறையும் முகம், நிம்மதியைத் தேடிப் பாடும் காட்சி, இறுதி வாக்குமூலம் ஆகியவை நம்மை அவன் பக்கம் சாய்த்துவிடுகின்றன. அதுவரை துயரப் பாத்திரங்களுக்கே பெயர்பெற்றிருந்த சௌகார் ஜானகி, சித்ராவாகவும் போலிச் சித்ராவாகவும் வேறொரு மிடுக்கைக் காட்டினார். எம்.ஆர். ராதாவின் நக்கல், கோபாலைச் சுற்றி இறுகும் சுருக்கு.

மதிப்பீடு

வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு மாணவி, "ஒரு அறைக்குச் செத்துப்போவாங்களா சார்?" என்று கேட்டாள். சித்ராவின் இதயம் பலவீனமானது என்பது படம் தரும் விளக்கம் என்றேன். "அப்ப இதயம் நல்லா இருந்தா அறையலாமா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. கைதவறி நேர்ந்த சாவு என்றே படம் அதைக் கருதுகிறது. அறைந்தது குற்றமாகவே பேசப்படுவதில்லை. லதாவின் காத்திருப்பு அவனுக்கு அளிக்கப்பட்ட மன்னிப்பாகிறது.

இதனால் புதிய பறவை தாழ்ந்த படமாகிவிடாது. ஒரு பொய்யைக் காட்சியாகக் காட்டி, பிறகு அதைப் பொய் என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அதற்கு இருந்தது. அந்தத் துணிவை இன்னும் ஓரடி நீட்டிப் படிப்பது பார்ப்பவர் வேலை. மாணவர்கள் இப்படத்தை இரண்டு முறை பார்க்கலாம். முதல் முறை கோபாலுடன். இரண்டாம் முறை, சித்ரா வரும் ஒவ்வொரு காட்சியிலும் "இதைச் சொல்வது யார்?" என்று கேட்டபடி.