‘வேண்டுமென்றே’ என்னும் சொல்: தற்காய வினாநிரல்களின் மொழிபெயர்ப்பு குறித்த மதிப்பீடு

தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வோரின் செயல்களையும் நோக்கங்களையும் அளக்கும் கருவிகளுள் கிளான்ஸ்கியும் கிளென்னும் 2009இல் ஆராய்ந்து வெளியிட்ட வினாநிரல் பரவலாக அறியப்பட்டது. வெட்டுதல், சுடுதல், ஊசியால் குத்துதல் முதலிய 12 செயல்களையும் 13 நோக்கங்களையும் அது வினவுகிறது. இத்தகைய கருவியைப் பிறமொழிக்குக் கொணர்வோர், பிரிஸ்லின் 1970இல் விளக்கிய மீள்பெயர்ப்பு முறையையும் கிரான்பாக்கின் ஆல்பா மதிப்பையும் காட்டி, ஏற்புடைமை நிறுவப்பட்டதாகக் கருதிவிடுகின்றனர். மொழியியல் நோக்கில் இது போதாது.

பாரசீகத்தில் இச்செயலைக் குறிக்கும் ‘கோத்ஸனீ’ என்னும் சொல்லின் பின்னுறுப்பு ‘அடித்தல்’ எனும் வினையினின்று பிறந்தது. முஹர்ரம் துக்கத்தில் மார்பில் அடித்தலைக் குறிக்கும் ‘சீனேஸனீ’யிலும் அதே உறுப்பு உண்டு. தமிழுக்கும் இவ்விடர் புதிதன்று. ‘உங்களை நீங்களே அடித்துக்கொள்வதுண்டா?’ என்று வினவினால், சலிப்பில் தலையில் அடித்துக்கொள்ளும் எவரும் ‘ஆம்’ என்பர்.

‘கொள்’ என்னும் துணைவினை இன்னும் நுட்பமான சிக்கலைத் தருகிறது. ‘கையை வெட்டிக்கொண்டாள்’ என்பது காய்கறி நறுக்குகையில் நேர்ந்ததையும் குறிக்கும். தனியறையில் தானே செய்ததையும் குறிக்கும். மலையாளத்தில் ‘கை முறிஞ்ஞு’, ‘கை முறிச்சு’ என்னும் தன்வினை பிறவினை வேறுபாடு இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடுகிறது. ஆனால் கொச்சியின் மட்டாஞ்சேரியிலும் அதனையடுத்த பகுதிகளிலும் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலியவை வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. அங்குத் தமிழ் வீட்டுப் பிள்ளையிடம் மலையாள வினாநிரலைத் தந்தால், வெட்டுக்காயத்தைச் சுட்டும் ‘முறி’, தமிழ்ச் செவிக்கு எலும்பு முறிவாகவும் ஒலிக்கக்கூடும். தமிழகத்தில் ஆக்கிய படிவத்தை அப்படியே அங்குக் கொண்டுசெல்வதும் தீர்வாகாது. ‘கொள்’ தரும் மயக்கம் அதிலும் தொடரும்.

இம்மயக்கத்தை நீக்கவே பெயர்ப்பாளர் ‘வேண்டுமென்றே’ என்னும் அடையைச் சேர்க்க விழைவர். அகராதிப் பொருளில் பிழையில்லை. மீள்பெயர்ப்பிலும் மூலச்சொல்லாகவே திரும்பி வந்துசேரும். எனினும் தமிழ்ப் பிள்ளை அச்சொல்லை எங்கே கேட்டு வளர்கிறது? ‘வேண்டுமென்றே செய்தாயா?’ என்பது கண்ணாடிக் குவளை உடைந்தபின் தாய் கேட்பது. வகுப்பில் ஆசிரியர் கேட்பது. அது வினாவன்று, குற்றச்சாட்டு. அதற்குப் பழகிய விடை ‘இல்லை’ என்பதே. முழுக்கைச் சட்டைக்குள் தழும்பை மறைத்து அமர்ந்திருக்கும் மாணவியும் அதையே எழுதக்கூடும். வினாநிரலின் தலைப்பில் நிற்கும் ஒரு சொல் எல்லா விடைகளையும் ஒரே பக்கம் சாய்க்குமாயின், ஆல்பா மதிப்பு அதனைக் காட்டாது. உருப்படிகள் தமக்குள் இசைந்திருந்தால் அம்மதிப்பு உயர்ந்தே நிற்கும். கருவி நம்பகமானது என்று அறிக்கை கூறும். உதவி வேண்டிய பிள்ளையோ கணக்கில் வராது.

‘கைதவறி நேர்ந்தவை நீங்கலாக’ என்று எழுதின் விபத்து விலகும், பழிச்சாயலும் படியாது. இத்தொடரையும் நேரடியாக ஏற்றுக்கொள்ளலாகாது. இருமொழிச் சூழலில் வளரும் பிள்ளைகள் சிலரிடம் படிவத்தைத் தந்து, ஒவ்வொரு வினாவும் எதைக் கேட்கிறதென்று அவர்தம் சொற்களிலேயே சொல்லச்செய்து எழுதிக்கொள்ள வேண்டும். புள்ளியியலார் கணக்கிடத் தொடங்குவதற்கு முன்னரே செய்யவேண்டிய பணி இது.