ஐந்து அடியில் ஒரு தந்தை

என் தகப்பனார் காலமான முப்பதாம் நாள், வழக்கப்படி ஒரு நினைவுத் துண்டுப் பிரசுரம் அச்சிட்டோம். வீட்டில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'அன்பின் இமயம்', 'ஈகையின் சிகரம்' என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியதும் உண்மை. பாப்பிரெட்டிப்பட்டியில் முப்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவரைப் பற்றிய பிரசுரம் அது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா இது யாரைப் பத்திடா எழுதினே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி உறுத்தியதால்தான் புறநானூற்றை மறுபடி கையில் எடுத்தேன். உ. வே. சாமிநாதையர் 1894-ல் அச்சேற்றிய அந்தத் தொகை நூலில் 112-ஆவது பாட்டு, பாரியின் மகளிர் பாடியது. மொத்தம் ஐந்தே அடி. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள்; பாரி மடிந்தான்; பெண்கள் மலையைவிட்டு இறங்கினார்கள். போன மாதத்து முழுநிலவில் தகப்பன் இருந்தான், குன்றும் தங்களுடையதாக இருந்தது. இந்த மாதத்து முழுநிலவில் இரண்டும் இல்லை. பாட்டின் விஷயம் இவ்வளவுதான்.

இதில் முல்லைக்குத் தேர் ஈந்த கதை இல்லை. பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் பரிசிலருக்கு வழங்கிய பெருமை இல்லை. அவற்றைச் சொல்லக் கபிலர் இருந்தார். நிறையவே சொல்லியும் இருக்கிறார். அவர் பாடியது உலகம் அறிந்த பாரியை. பெண்கள் இழந்ததோ 'எந்தை'யை. அந்த ஒரு சொல்லுக்கு அடைமொழி சேர்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. வென்றவர்களுக்கு மட்டும் முரசு முழங்கும் அடைமொழி கிடைக்கிறது. அதிலே எவ்வளவு கசப்பு!

எங்கள் பக்கத்துப் பாட்டு ஒன்றும் உண்டு. இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதன் தலைவன் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது 235-ஆவது பாட்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தனக்கே தந்துவிடுவான் என்றும், மணக்கும் கையால் புலால் நாறும் தன் தலையைத் தடவிக் கொடுப்பான் என்றும் சொல்லி அழுகிறாள் அந்த அம்மை. மாவீரனைப் பற்றிய அழுகையில் வீரத்தைவிட இந்தச் சின்னப் பழக்கங்களே நம் நெஞ்சில் நிற்கின்றன.

ஆனாலும், இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் பெண்கள் பாட்டையே சொல்வேன். 'அதில் தகப்பனைப் பற்றி ஒன்றுமே இல்லையே!' என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். ஔவையின் பாட்டில் இறந்தவன் எப்படி இருந்தான் என்பது தெரிகிறது. பெண்களின் பாட்டில் அவன் இல்லாத உலகம் எப்படி இருக்கிறது என்பது தெரிகிறது. நிலவு அதே நிலவு. ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. அதுதான் பொறுக்க முடியாதது. தகப்பனை இழந்த எவனும் முதலில் காண்கிற அநியாயம் இதுவே.

நான் செய்த பிழை அப்போதுதான் விளங்கியது. துக்கத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்பதல்ல. துக்கம் மெய்யாகத்தான் இருந்தது. வார்த்தைகள்தாம் ஊரார் வீட்டிலிருந்து வாங்கி வந்தவை. 'இமயம்' என்று எந்த வீட்டுத் தகப்பனுக்கும் எழுதலாம். கடை மூடும் நேரத்தில், சாமான் கட்டி வந்த சணல் துண்டுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு உருண்டையாகச் சுற்றி வைப்பாரே, அது என் தகப்பனார் ஒருவருக்குத்தான் பொருந்தும்.

வருஷத் திதிக்குப் பிரசுரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று விடியற்காலையில் கடையைத் திறந்தேன். சேர்வராயன் மலைப் பக்கம் நிலா சாய்ந்துகொண்டிருந்தது. கல்லாப் பெட்டிக்கு மேல் அந்தச் சணல் உருண்டை இருந்தது. போன வருஷம் இருந்த அதே அளவில் இருந்தது.