ஞாயிறு மாலைக் கட்டம்

பனமலை போன்ற ஊரில் பிளஸ் டூ படித்துக்கொண்டே ஜேஇஇ மெயினுக்கும் தயாராகும் பிள்ளைகள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிய கால அட்டவணையைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஜனவரியில் ஒரு தேர்வு, ஏப்ரலில் இன்னொன்று, நடுவில் மார்ச்சில் பொதுத்தேர்வு. மூன்றையும் ஒரே தாளில் அடக்குவது தேர்ந்த கைவேலை.

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். திருச்சி என்ஐடிக்கு அது போதாது. அங்கே போக ஜேஇஇ மெயின் வேண்டும்: மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும்.

நல்ல அட்டவணை ‘இயற்பியல், 6 முதல் 8’ என்று எழுதி நிறுத்தாது. ‘சுழல் இயக்கம், 15 கணக்கு’ என்று சொல்லும். தெளிவான விடிகாலையைக் கணிதத்துக்கும், பஸ் பயணத்தைக் கனிம வேதியியலுக்கும் கொடுக்கும். பள்ளி விட்டு வந்த களைப்பில் புதுப் பாடம் வைக்காது. படித்த பாடம் ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை திரும்ப வரும். மறதியின் வேகத்தை உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஞாயிறு மாலையின் வெற்றுக் கட்டம். காய்ச்சல், கரண்ட் கட், அறுவடை, திருவிழா என்று வாரத்தில் தவறியதெல்லாம் அங்கே சேரும். எதுவும் தவறாத வாரமா? பனமலைக் குன்றேறி, ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில் பார்வதி ஓவியத்தைப் பார்த்து வரலாம்.

மாதிரித் தேர்வைக் காலை 9 முதல் 12 வரை வைப்பவர்களை இன்னும் மெச்சுவேன். உண்மைத் தேர்வின் காலை நேரமும் அதுதான்.