தடை செய்த பாட்டும் போடாத பாட்டும்

வானொலி ஒரு பாட்டைத் தடை செய்தால் அந்தப் பாட்டில் என்ன பிழை என்று ஆராய்வதே நமது வழக்கம். தடை செய்தவர் எதற்கு அஞ்சினார் என்று கேட்டால் கூடுதலாக விளங்கும்.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதம் பயின்றவர். திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவரது உறுதியான எண்ணம். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குரிய நேரம் வெட்டப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் முரண்பட்டுப் பாடல்களுக்கான அனுமதியை விலக்கிக்கொண்டார்கள். நேயர்கள் அதனால் ராகம் கற்கப் போய்விடவில்லை. குமிழைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை செழித்தது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் கடல் தாண்டித் தமிழகத்து வீடுகளில் ஒலித்தது. 1957 ஒக்ரோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கியதன் மூலம் டில்லி தன் தோல்வியை ஒப்புக்கொண்டது எனலாம்.

1976இல் கதை வேறு. நெருக்கடிநிலைக் காலத்து அரசின் பிரசாரத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காக கிஷோர் குமாரின் பாடல்களை வானொலியும் தூரதர்ஷனும் நிறுத்தின. பாட்டில் எவரும் குற்றம் காணவில்லை. பாடியவர் தலையாட்டாததே குற்றம். பின்னர் ஷா ஆணைக்குழு இதையும் விசாரித்தது.

இந்த இரண்டு தடைகளுக்கும் முகவரி இருந்தது. யாரைத் திட்டுவது என்று நேயருக்குத் தெரியும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் நடந்ததற்கு அதுகூட இல்லை. டெக்சாஸைத் தலைமையிடமாகக் கொண்ட கிளியர் சனல் நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்கள் இருந்தன. 150க்கும் அதிகமான பாடல்களின் பட்டியல் ஒன்று அவற்றுக்குள் சுற்றியது. ஜோன் லெனனின் ‘இமாஜின்’ அதில் இருந்தது. லூயி ஆம்ஸ்ட்ரோங் உலகத்தை வியந்து பாடிய பாட்டும் இருந்தது. இது தடையல்ல, நிலையங்கள் தாமாகவே முடிவு செய்யலாம் என்றது நிறுவனம். சில நிலையங்கள் பட்டியலைப் பொருட்படுத்தவுமில்லை. ஆனால் தடை என்று பெயரில்லாத ஒன்றை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது?

இதைக் குறைகூற எனக்கு எவ்வளவு தகுதி உண்டு என்பதையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் ஒரு சிறிய புலம்பெயர் வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டேன். ஊரிலிருந்து வந்த ஒருவர் ஒரு ஒலிநாடா தந்தார். அதில் ஒரு தாயின் ஒப்பாரி. அவளது மகனைக் கொன்றது இராணுவம் அல்ல, நம்முடைய இயக்கம் ஒன்று. இராணுவம் கொன்ற பிள்ளைகளுக்கான பாட்டுகளை நான் தயங்காமல் போட்டவன். இதைப் போடவில்லை. யாரும் தடுக்கவில்லை, தொலைபேசியில் மிரட்டவுமில்லை. ‘ஏன் வீண் பிரச்சினை’ என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தந்தவரும் பிறகு கேட்கவில்லை.

கேஸ்கர் மூடிய கதவுக்குக் கொழும்பு என்றொரு யன்னல் இருந்தது. அந்தத் தாய்க்கு அரச வானொலியும் இல்லை, நம்முடைய வானொலியும் இல்லை. எந்தப் பட்டியலிலும் அவளுடைய பாட்டு ஏறவில்லை. ஆகவே அது தடை செய்யப்பட்டது என்று நிறுவவும் முடியாது. ஒலிநாடா இன்னமும் மில்பிடாஸில் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதைப் போட்டுக் கேட்கும் கருவிதான் இப்போது வீட்டில் இல்லை.