‘மக்களின் எதிரி’: ஆய்வாளனும் அவனது ஊதியமும்

ஹென்றிக் இப்சன் 1882இல் எழுதிய ‘மக்களின் எதிரி’ என்னும் நாடகம், உண்மைக்காகத் தனித்து நின்ற ஒருவனின் வீரக்கதையாகவே பெரும்பாலும் போற்றப்பட்டு வந்துள்ளது. தொழில் நிறுவனங்களின் சூழற் பொறுப்பும் அதனைச் சரிபார்க்கும் கணக்காய்வும் பெரிதும் விவாதிக்கப்படும் இன்றைய நிலையில், இந்நாடகம் வேறொரு நோக்கில் ஆராயப்பட வேண்டியதாகின்றது.

நோர்வேயின் கரையோரச் சிறுநகரொன்று தனது மருத்துவ நீராடு நிலையத்தின் வருவாயை நம்பியுள்ளது. அதன் வைத்திய அதிகாரியான ஸ்டொக்மன், நீரின் மாதிரிகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பரிசோதிப்பிக்கிறார். மேற்புறத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரிற் கலந்திருப்பது உறுதியாகின்றது. ஆயின், அவருக்கு ஊதியமளிப்பது அதே நிலையம். அதன் குழுத் தலைவரோ நகரபிதாவாகிய அவரது தமையன். திருத்தவேலைக்காக நிலையத்தை ஈராண்டு மூடவேண்டும் என்றறிந்த தமையன், முடிவைப் பகிரங்கமாக மறுத்துரைக்குமாறு பணிக்கிறார். செலவு நகரமக்கள் தலையிலேயே விழும் என்றதும், முற்போக்குப் பேசிய பத்திரிகையும் பின்வாங்குகின்றது. தொழிற்சாலை உரிமையாளர்களுள் ஒருவரான கீல், தமது வளர்ப்பு மகளாகிய ஸ்டொக்மனின் மனைவிக்குரிய பணத்தைக் கொண்டே நிலையத்தின் பங்குகளை வாங்கிவிடுகிறார். ஆய்வின் முடிவு அதன் பின்னர் ஆய்வாளனின் சொந்தக் குடும்பத்தையே தாக்கும். ஆய்வாளனைச் சூழும் பொருளாதாரத் தளைகளை இத்துணை நுட்பமாகக் காட்டியமையே நாடகத்தின் தலையாய வெற்றி எனலாம்.

எனினும், நான்காம் அங்கத்தில் நாடகம் திசைமாறுகின்றது. பொதுக்கூட்டத்தில் ஸ்டொக்மன் ஊதிய உறவை விட்டுப் பெரும்பான்மையோரையே உண்மையின் பகைவராகச் சாடுகிறார். அந்நீரினால் நோயுற்றோர் ஒருமுறையேனும் மேடையில் தோன்றுவதில்லை என்பதும் மனங்கொளத்தக்கது. ஆய்வை மதித்துக் காக்கக்கூடிய மக்கள் இவ்வாறு வெறுங் கும்பலாகச் சுருங்க, தனிமனிதனின் மனத்திண்மையே தீர்வாக எஞ்சுகின்றது. சத்யஜித் ராய் இந்நாடகத்தை ‘கணசத்ரு’ (1989) எனத் தழுவியபோது, இறுதியில் வைத்தியருக்கு ஆதரவாக இளைஞர்களின் குரல் எழச் செய்தார். இப்சனின் முடிவிலுள்ள குறையை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இக்குறை கலை சார்ந்தது மட்டுமன்று. 2019 ஜனவரி 25இல் பிறேசிலின் புறுமாடின்யோவில் வாலே கம்பனியின் சுரங்கக் கழிவணை உடைந்து 270 பேர் மாண்டனர். அணையின் கீழிருந்த ஊழியர் உணவுச்சாலையும் சேற்றில் மூழ்கியது. பறவோபேபா ஆறு மாசுற்றது. அணை உறுதியானதென 2018இல் சான்றளித்தது, வாலே கட்டணம் செலுத்தி அமர்த்திய ஜேர்மன் ஆய்வு நிறுவனமொன்றின் பிறேசிற் கிளையாகும்.

ஆய்வுக்குட்படுவோரே ஆய்வாளனைத் தெரிந்து ஊதியமளிக்கும் ஏற்பாடு நீடிக்கும்வரை, நேர்மையான கணக்காய்வுக்கு ஒவ்வோரிடத்தும் ஒரு ஸ்டொக்மன் தேவைப்படுவார். வீரர்களை நம்பி ஒரு சமூகம் தன் குடிநீரைக் காத்துக்கொள்ள இயலாது. ஆய்வாளனின் நியமனமும் ஊதியமும் பொது அமைப்பொன்றின் கைக்கு மாறவேண்டும். அறிக்கை அந்நீரைப் பருகுவோரின் கைக்கு நேரே செல்லவேண்டும். இப்சன் நோயை நன்கறிந்தார். மருந்தைத்தான் தவறான இடத்தில் தேடினார்.