மனச்சான்றும் குடிமைப் பண்பும்: ஹாப்ஸ், தோரோ, ஆரெண்ட்

ஹாப்ஸ் தமது ‘லெவியதான்’ (1651) நூலில், தனிமனிதர் ஒவ்வொருவரும் நன்மை தீமைக்கு நடுவராவதை அரசைச் சிதைக்கும் நோயாகக் கருதுகிறார். சட்டமே பொது மனச்சான்று என்பது அவர் முடிபு. உள்நாட்டுப் போர் கண்ட அச்சம் இதன் பின்னணி. எனவே அவர் காட்டும் குடிமகனின் தலையாய பண்பு கீழ்ப்படிதலாகிறது. தோரோவோ, அடிமைமுறைக்குத் துணைநின்ற அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து 1846இல் ஓரிரவு சிறையிலிருந்தார். சட்டத்திற்கு மேலாக மனச்சான்றை வைத்தார். இம்மறுப்பு தன் தூய்மையைக் காப்பதேயன்றி அரசியலாகாது என்றும், பொதுவெளிக்கு வரும் மனச்சான்று கருத்துகளுள் ஒன்றாகிவிடுகிறது என்றும் ஆரெண்ட் 1970இல் திறனாய்ந்தார்.

ஆயின், அவர் இழப்பாகக் காண்பதே மனச்சான்றின் வலிமை எனலாம். தோரோ தம் மறுப்பை 1848இல் உரையாகவும் 1849இல் கட்டுரையாகவும் ஊரார்முன் வைத்தார். அவ்வாறு வைத்தபின் அது பிறரது மறுப்புக்கும் ஆய்வுக்கும் உரியதாகிறது. ஹாப்ஸ் அஞ்சிய தன்னிச்சைத் தீர்ப்பாக நிற்பதில்லை. ஆகவே கீழ்ப்படிதலோ அகத்தூய்மையோ அன்று, பிறர்முன் காரணம் கூறும் பொறுப்பே குடிமகனின் இலட்சியப் பண்பாகக் கொள்ளத்தக்கது.