நிழல் விழாத விமானமும் ஆள் தெரியாத வாக்கியமும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற வரி இல்லாமல் அந்தக் கோயிலைப் பற்றி இணையத்தில் ஒரு கட்டுரை கிடைப்பது அரிது. காலை வேளையில் அந்தக் கோயிலின் மேற்குத் திருச்சுற்றில் நான் நின்றிருக்கிறேன். விமானத்தின் நிழல் நீளமாகத் தரையில் கிடந்தது. ஒரு குடும்பம் அதன் ஓரமாக உட்கார்ந்து குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் அதே நிழல் கிழக்கே விழும். அடி அகன்று மேலே போகப்போகக் குறுகும் கட்டடம் என்பதால், சூரியன் தலைக்கு நேராக வரும் மாதங்களில் நண்பகல் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தச் சின்ன உண்மைதான் ஊதிப் பெருத்திருக்க வேண்டும். மார்கழி மாதத்தில் நண்பகலில்கூட வடபுறத் தரையில் நிழலைப் பார்க்கலாம்.

இணைய இதழ் ஒன்றுக்கு வரும் கட்டுரைகளைச் செம்மை பார்ப்பது என் வேலை. இதே வரியோடு ஒரு கட்டுரை வந்தபோது எழுதிய இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தேன். “தம்பி, இதை யார் சொன்னது?” “எல்லா இடத்துலயும் இருக்குண்ணே” என்றார். மூன்று இணைப்புகளையும் அனுப்பினார். திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே பத்தியில், ஒரே இடத்தில், ‘தஞ்சாவூர்’ என்பது ‘தஞ்சாவுர்’ என்று இருந்தது. மூன்று சாட்சிகள் என்று அவர் நம்பியது ஒரே ஆளைத்தான். அந்த ஒருவர் யார் என்று மூன்று கட்டுரைகளிலும் இல்லை.

இணையத்தில் எழுதுகிறவர்களிடம் நான் காணும் கெட்ட பழக்கங்களில், சொன்னவர் யார் என்று சொல்லாமல் எழுதும் இதையே முதலில் வைப்பேன். ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’, ‘ஆய்வாளர்கள் கருதுகின்றனர்’ என்ற முடிவுகளைச் சேர்த்துவிட்டால் எழுதியவருக்குப் பொறுப்பு போய்விடுகிறது. இந்தச் சொற்களுக்கு நியாயமான இடமும் உண்டு. ஊர்க்கதையை ஊர்க்கதையாகச் சொல்லும்போது ‘ஊரார் சொல்கிறார்கள்’ என்பது நேர்மையான வாக்கியம். ஆனால் கண்ணால் பார்த்தே தீர்க்கக்கூடிய ஒன்றுக்கு எதற்கு இந்தத் திரை?

இத்தனைக்கும், யார் எதைக் கொடுத்தார்கள் என்று ஆள் பெயரோடு எழுதிவைத்த கோயில் அது. அதைக் கட்டிய ராஜராஜன் தான் கொடுத்தவற்றையும் தன் அக்கா குந்தவை கொடுத்தவற்றையும் மற்றவர்கள் கொடுத்தவற்றையும் தனித்தனியாகக் கல்லில் வெட்டச் சொன்னான். பொன்னை எடை போட்டது ஆடவல்லான் என்ற கல்லால் என்பதுகூடக் கல்வெட்டில் இருக்கிறது. கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரில் ஒவ்வொருவருக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று விவரம் உண்டு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு 100 கலம் நெல். எடுத்த அளவு எது, கொடுத்த கை எது என்று எழுதினால்தான் பின்னால் வருகிறவன் சரிபார்க்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கல்வெட்டுகளைப் படிக்காமல் விட்ட காலத்தில், கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்று தலபுராணம் சொன்னதே புழங்கியது. பின்னர் அவற்றைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் படித்துப் பதிப்பித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி வெளிவந்தது. இன்று அந்தத் தொகுதியை வீட்டிலிருந்தே கைபேசியில் திறக்கலாம்.

இணையத்தின் பெரிய பலம் இதுதான். அச்சு இதழில் இடமில்லை என்று வெட்டப்படும் சான்று, இங்கே ஒரு சொடுக்கில் வாசகர் கைக்குப் போகும். அந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல், இணைப்புகளைத் தங்கள் தளத்தின் பழைய கட்டுரைகளுக்கே கொடுக்கிறார்கள். கட்டுரைக்கு இவ்வளவு என்று சொற்பக் காசுக்கு ஒரே நாளில் நாலைந்து எழுதவேண்டியிருக்கும் பிள்ளைகளை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன். கேட்காமல் வெளியிடும் ஆசிரியர்களுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

இன்னொரு பழக்கம் தலைப்பைப் பற்றியது. தலைப்பில் கேள்வி கேட்பது தவறே இல்லை. நல்ல கேள்வி வாசகரை உள்ளே அழைக்கும். பதிலைக் கடைசிப் பத்திவரை ஒளித்துவைத்து, நடுவில் அரசர் வரலாறு, போகும் வழி, நடை திறக்கும் நேரம் என்று நிரப்புவதுதான் தவறு. தேடுபொறிக்காக ‘தஞ்சை பெரிய கோயில் ரகசியம்’ என்பதைப் பத்திக்குப் பத்தி திணித்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது.

திருத்தும் விஷயத்தில்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. கல்லில் வெட்டியதை மாற்றுவது பெரும்பாடு. அச்சானதை அடுத்த இதழில்தான் திருத்த முடியும். இணையத்திலோ ஒரு நிமிட வேலை. அந்த வசதியை வைத்துக்கொண்டு, தவறான வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார்கள். அதற்குள் அது நாற்பது குழுக்களுக்குப் போயிருக்கும், அங்கிருந்து இன்னொரு கட்டுரைக்கும் போயிருக்கும். அந்த இளைஞரின் கட்டுரை அன்று அரைநாள் வெளியில் இருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே ஏற்றிவிட்டார்கள். வரியை எடுத்துவிட்டு அதே இடத்தில், ‘விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இங்கே எழுதியிருந்தோம். அது தவறு. நிழல் விழும்’ என்று தேதியோடு போடச் சொன்னேன். போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த இளைஞர் ஒரு படம் அனுப்பினார். மாலை ஐந்து மணி, கோயில் முற்றம், அதில் கிழக்கே நீண்டு கிடந்த நிழல்.